ராக்கெட் கம்பெனி வேலை: ஊரில் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் மன்னார்குடிப் பக்கத்துப் பெண். சென்னையில், சிறிய செயற்கைக்கோள்கள் செய்யும் ஒரு தனியார் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். பொங்கலுக்கோ பங்குனித் திருவிழாவுக்கோ ஊருக்குப் போனால் வீட்டுக்கு வீடு அதே கேள்விகள்தான். "எழுதி வச்சிட்டா வாட்ஸ்அப்ல அனுப்பிடலாமேக்கா" என்றான் தம்பி. அப்படி எழுதியது இது. கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். என் நிறுவனத்தின் பெயர் இதில் வராது, அது அலுவலக விதி.

"இஸ்ரோவுலதானே இருக்கே?"

இல்லை அத்தை. எத்தனை முறை சொன்னாலும் பத்திரிகை வைக்கப் போகிற வீட்டிலெல்லாம் "எங்க அண்ணன் பொண்ணு இஸ்ரோ" என்றுதான் சொல்கிறீர்கள். இஸ்ரோ மத்திய அரசுடையது. நான் இருப்பது தனியார் கம்பெனி, பென்ஷன் கிடையாது.

இந்தத் துறையில் தனியார் முன்பும் உண்டு. இஸ்ரோ வரைபடம் கொடுக்கும், அவர்கள் உதிரிபாகம் செய்து கொடுப்பார்கள். 2020 ஜூனில் மத்திய அரசு அதை மாற்றியது. ராக்கெட்டையும் செயற்கைக்கோளையும் தனியாரே வடிவமைக்கலாம், ஏவலாம், விற்கலாம் என்று சொல்லி, அனுமதி வழங்க இன்-ஸ்பேஸ் என்ற அமைப்பை உண்டாக்கியது. 2023-இல் வந்த இந்திய விண்வெளிக் கொள்கை யாருக்கு என்ன வேலை என்பதை எழுத்தில் வைத்தது. இஸ்ரோவின் சோதனைக்கூடங்களையும் ஏவுதளத்தையும் தனியாரும் பயன்படுத்தலாம். நானும் அப்படி ஓரிரு முறை அந்த வளாகத்துக்குள் போய் வந்திருக்கிறேன். அத்தை சொல்வதில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது.

"தனியார் ராக்கெட் விட்டாங்கன்னு பேப்பர்ல வந்துச்சே, அது நிஜமா விண்வெளிக்குப் போச்சா?"

பேப்பரில் வந்தவை இரண்டு. ஹைதராபாத்தின் ஸ்கைரூட் நிறுவனம் 2022 நவம்பர் 18 அன்று விக்ரம்-எஸ் ராக்கெட்டை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவியது. அது 89.5 கிலோமீட்டர் உயரம் தொட்டது. அடுத்தது சென்னை ஐஐடியில் முளைத்த அக்னிகுல். பலமுறை தள்ளிப்போய், 2024 மே 30 காலையில் அவர்களுடைய ராக்கெட் கிளம்பியது. ஸ்ரீஹரிகோட்டாவுக்குள்ளேயே தங்களுக்கென்று தனி ஏவுமேடை கட்டி, அதிலிருந்து விட்டார்கள்.

இரண்டுமே சுற்றுப்பாதைக்குப் போகாமல், மேலே போய்க் கடலில் விழுந்த சோதனைகள். அப்படித்தான் திட்டமே. மேலே போவது ஒரு வேலை, மேலேயே நிற்பது வேறு வேலை. நிற்க வேண்டுமானால் பக்கவாட்டில் நொடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கு மேல் வேகம் வேண்டும். மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூருக்கு ஐந்து நொடியில் போகிற வேகம் அது. அந்த வேகம் வந்துவிட்டால் விழுந்துகொண்டே இருக்கும், ஆனால் பூமி உருண்டை என்பதால் தரை சிக்காது. 500 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோள் சுமார் 95 நிமிடத்தில் ஒரு சுற்று வந்துவிடும். நாளைக்குப் பதினைந்து சுற்று.

"பெரிய ராக்கெட்டுலயே நூறு சேட்டிலைட்டு போகுதே, அப்புறம் எதுக்குச் சின்ன ராக்கெட்டு?"

கேட்டவர் பெரியப்பா. பணம் போடுகிறவர்களும் இதையேதான் கேட்கிறார்கள்.

நூறு என்பது உண்மைதான். 2017 பிப்ரவரி 15 அன்று இஸ்ரோவின் பிஎஸ்எல்வி ஒரே பயணத்தில் 104 செயற்கைக்கோள்களைக் கொண்டுபோனது. 2021 ஜனவரியில் அமெரிக்காவின் ஸ்பேஸ்எக்ஸ் 143 கொண்டுபோனது.

இதை ஆற்றுத் தண்ணீராக நினைத்துக்கொள்ளுங்கள். மேட்டூரை ஜூன் 12 அன்று திறந்தால் எல்லோருக்கும் தண்ணீர். செலவும் குறைவு. ஆனால் திறக்கிற நாள் உங்கள் கையில் இல்லை, கடைமடைக்கு எப்போது வந்து சேரும் என்பதும் உங்கள் கையில் இல்லை. ஆழ்துளைப் போர் போட்டவர் அவர் நினைத்த நாளில் குறுவைக்கு நாற்று விடுகிறார். செலவு கூடத்தான், ஆனால் நாள் அவருடையது. பெரிய ராக்கெட்டில் இடம் பிடிப்பது ஆற்றுப் பாசனம், சிறிய ராக்கெட் போர் தண்ணீர். பெரிய வண்டியில் ஏறினால் முக்கிய பயணி போகிற பாதையில்தான் உங்களையும் இறக்கிவிடுவார்கள். அவர் தாமதமானால் நீங்களும் தாமதம். செய்து முடித்த செயற்கைக்கோள் மாதக்கணக்கில் பெட்டிக்குள் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

விலைதான் உறுத்தும். ஸ்பேஸ்எக்ஸ் 2019-இல் கூட்டுப் பயணத்துக்கு 200 கிலோவுக்குப் பத்து லட்சம் டாலர் என்றது. நியூசிலாந்திலிருந்து பறக்கும் எலெக்ட்ரான் என்ற சிறிய ராக்கெட் 300 கிலோ வரை சுமக்கும், முழு ராக்கெட்டுக்கும் சுமார் 75 லட்சம் டாலர் என்று சொல்லப்பட்டது. கிலோவுக்குக் கணக்குப் போட்டால் ஐந்து மடங்கு. டீசல் எஞ்சின் வாடகைக்கு வாங்கி இறைத்தவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும். நாளின் அருமை விலையை மிஞ்சினால் இறைக்கலாம், இல்லாவிட்டால் கையைக் கடிக்கும். அமெரிக்காவில் விர்ஜின் ஆர்பிட் என்ற சிறிய ராக்கெட் கம்பெனி 2023-இல் திவாலே ஆனது. இந்தத் தொழிலில் பாதிப் பேர் நிற்கமாட்டார்கள் என்பது என் எண்ணம். என் கம்பெனியில் இதைச் சத்தமாகச் சொல்வதில்லை.

"ராக்கெட்டுக்கு மண்ணெண்ணெய் ஊத்துறாங்களாமே, ரேஷன் மண்ணெண்ணெயா?"

அக்னிகுல் ஊற்றுவது விமானத்துக்கு ஊற்றுகிற ரகம், மாமா. கூடவே திரவ ஆக்சிஜன். மேலே காற்று இல்லை என்பதால் எரிவதற்கான ஆக்சிஜனையும் சுமந்துகொண்டே போக வேண்டியிருக்கிறது. எல்லாச் சிறிய ராக்கெட்டும் இப்படி இல்லை. இஸ்ரோவின் எஸ்எஸ்எல்வியில் மூன்று அடுக்கும் திட எரிபொருள், வாணவெடி மாதிரி ஒருமுறை பற்றவைத்தால் முடியும் வரை எரியும்.

அக்னிகுல் எஞ்சினில் எனக்குப் பிடித்தது வேறு விஷயம். பல துண்டுகளைப் பற்றவைத்து இணைக்காமல், உலோகத் தூளை லேசரால் அடுக்கடுக்காக உருக்கி, எஞ்சினை ஒரே துண்டாக அச்சடிக்கிறார்கள். முப்பரிமாண அச்சு என்பார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. சுவாமிமலை போய்ப் பாருங்கள். மெழுகில் உருவம் செய்து, மேலே காவிரி வண்டல் மண் பூசி, சூடாக்கி மெழுகை வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். உலோகத்தில் கையைத் தனியாக, காலைத் தனியாக வார்த்து ஒட்டுவது கிடையாது, ஒரே வார்ப்பு. எஞ்சினிலும் ஒட்டு இருக்கிற இடம்தான் முதலில் கசியும், முதலில் வெடிக்கும். ஒட்டே இல்லாவிட்டால் கவலையும் குறைவு, வேலையாட்களும் நாட்களும் மிச்சம். செய்யும் முறையில் சம்பந்தம் இல்லை. ஏன் ஒரே துண்டு என்பதற்கு மட்டும் ஸ்தபதியும் என்ஜினியரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்.

"உனக்கு அங்கே என்னதான் வேலை?"

குலுக்குவது. நிஜமாகவே அதுதான். செயற்கைக்கோளை ஒரு மேடையில் போல்ட் போட்டு இறுக்கி, ராக்கெட் கிளம்பும்போது எப்படி அதிருமோ அப்படி அதிர வைப்போம். அப்புறம் காற்றை உறிஞ்சிவிட்ட பெரிய உருளைக்குள் வைத்து, மாற்றி மாற்றிச் சூடாக்கிக் குளிரவைப்போம். மேலே 95 நிமிடத்துக்குள் ஒரு பகலும் ஓர் இரவும் வந்துவிடும் அல்லவா, அதற்கு இங்கேயே பழக்கம்.

ஒருமுறை அதிர்வுச் சோதனை முடிந்து மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு சின்ன திருகு தளர்ந்து கிடந்தது. பசை போட்டு இறுக்க வேண்டியதை யாரோ வெறும் கையால் முறுக்கிவிட்டுப் போயிருக்கிறார். மேலே போன பிறகு அந்தத் திருகு எந்த சர்க்யூட்டின் மேல் போய் உட்கார்ந்திருக்கும் என்று நினைத்து அன்று இரவு தூக்கம் வரவில்லை. மாலை ஆறு மணிக்கு வீட்டுக்குப் போகிற வேலையா இது என்று அம்மா கேட்பார். போன மாதம் ஒரே ஒரு நாள் போனேன்.

"அவ்வளவு சோதனை பண்ணியும் ஏன் தோத்துப் போகுது?"

எஸ்எஸ்எல்வியின் முதல் பயணம் 2022 ஆகஸ்ட் 7 அன்று நடந்தது. எஞ்சின்கள் ஒழுங்காகத்தான் எரிந்தன. இரண்டாம் அடுக்கு பிரிகிற நேரத்தில் இரண்டு நொடி மட்டும் அதிர்வு எதிர்பார்த்ததைவிடக் கூடிவிட்டது. வேகத்தை அளக்கும் கருவிகள் திணறின. கணினி "கருவிகள் பழுது" என்று முடிவு கட்டி மாற்று வழிக்குத் தாவியது, அந்த வழியில் வேகம் போதவில்லை. செயற்கைக்கோள்கள் பூமிக்கு 76 கிலோமீட்டர் வரை தாழ்ந்து வரும் பாதையில் விடப்பட்டு, வீணாய்ப் போயின. ஆறு மாதம் கழித்து, 2023 பிப்ரவரி 10 அன்று, அதே வகை ராக்கெட் சரியாகப் போனது. 2025-இல் அதைச் செய்து விற்கும் உரிமையை ஏலத்தில், போர் விமானம் செய்யும் எச்ஏஎல் நிறுவனம் எடுத்திருக்கிறது.

"கோடியக்கரையில ஒரு ஏவுதளம் வச்சா நம்ம பசங்களுக்கு வேலை கிடைக்குமே?"

இந்தக் கேள்வியை வேதாரண்யத்தில் ஒரு டீக்கடையில் கேட்டார்கள். வரைபடத்தை எடுத்து, கோடியக்கரையிலிருந்து தெற்கே விரலை நகர்த்துங்கள். யாழ்ப்பாணத்தில் போய் இடிக்கும். ராக்கெட்டின் எரிந்து முடிந்த அடுக்குகள் வழியில் விழுந்துகொண்டே போகும், அவற்றை இன்னொரு நாட்டுக்காரர் தலையில் போட முடியாது.

பூமியைப் படம் எடுக்கும் செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் துருவங்களைத் தாண்டும் வடக்கு-தெற்குப் பாதையில் சுற்றுகின்றன. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அப்படி அனுப்பும்போதும் இலங்கைதான் இடைஞ்சல். முதலில் தென்கிழக்கே போய், நடுவானில் ஒடித்துத் தெற்கே திரும்ப வேண்டும். பெரிய ராக்கெட் அந்த எரிபொருள் செலவைத் தாங்கும், சிறியதற்கு அதுவே பெரும் பாரம். அதனால்தான் தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளம். 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். அங்கிருந்து தெற்கே அண்டார்டிகா வரை வெறும் கடல். டெல்டா அதற்கு வடக்கே இருப்பதால் அந்தப் பாதை நம் ஊர்ப்பக்கம் வராது.

அப்புறம், கோடியக்கரை பறவைகள் சரணாலயம். அங்கே ஏவுதளம் வரவில்லை என்று எனக்கு வருத்தம் கிடையாது.

"மழை வெள்ளத்துல வயல் மூழ்குனா சேட்டிலைட்டு காட்டுமா? இன்சூரன்ஸ் கிடைக்குமா?"

அதிகம் பேர் கேட்பது இதுதான், என் அப்பாவையும் சேர்த்து.

முதல் பாதிக்குப் பதில், காட்டும், ஆனால் எந்தக் கண்ணால் என்பது முக்கியம். சாதாரண செயற்கைக்கோள் கேமரா நம் கண் மாதிரி, மேகம் மூடினால் மேகத்தைத்தான் பார்க்கும். சம்பா வளர்வதோ ஐப்பசி, கார்த்திகை அடைமழையில். நமக்கு வேண்டிய நாளில் அந்தக் கேமரா குருடு. ரேடார் செயற்கைக்கோள் தானே அலை அனுப்பி, திரும்பி வருவதை அளக்கிறது. மேகமும் இருட்டும் அதைத் தடுக்காது. தேங்கிய தண்ணீர் கண்ணாடி மாதிரி அலையை வேறு பக்கம் தள்ளிவிடுவதால் படத்தில் கறுப்பாகத் தெரியும். பயிர் எழும்ப எழும்ப அலை சிதறித் திரும்பி வந்து அந்த இடம் வெளுக்கும். நடவுக்காகத் தண்ணீர் கட்டிய வயலும் கறுப்பு, மூழ்கிய வயலும் கறுப்புதான். வரிசையாகப் பல நாள் படங்களை வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். கறுப்பிலிருந்து வெளுத்து வந்த வயல் திடீரென்று மறுபடி கறுத்தால் அது மூழ்கியது. இந்த முறையில் டெல்டாவின் நெல் வயல்களைக் கணக்கெடுக்கும் வேலையைத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் செய்திருக்கிறது.

இங்கேதான் நாள் கணக்கு குறுக்கே வருகிறது. ஐரோப்பாவின் சென்டினல்-1 ரேடார் படங்கள் இலவசம். ஆனால் அந்த வகைச் செயற்கைக்கோள் ஒன்று அதே பாதைக்குத் திரும்பி வர 12 நாள் ஆகும். வெள்ளத்தைத் தாங்கும் சிஆர்-1009 சப்-1 என்ற நெல் ரகமே ஏறக்குறைய இரண்டு வாரம்தான் தண்ணீருக்குள் உயிரோடு இருக்கும். மற்ற ரகங்களுக்கு அதுவும் இல்லை. தண்ணீர் ஏறி, பயிர் அழுகி, வடிந்து முடிந்த பிறகு ஒரு படம் வந்தால் அதை வைத்து என்ன செய்வது? ஒரு பெரிய செயற்கைக்கோளுக்குப் பதில் பல சிறியவற்றை விட்டால் இந்த இடைவெளி சுருங்கும். பின்லாந்தின் ஐஸ்ஐ நிறுவனம் இதைத்தான் செய்கிறது. நூறு கிலோவுக்கும் குறைவான அவர்களது முதல் ரேடார் செயற்கைக்கோள் 2018 ஜனவரி 12 அன்று நம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான் போனது. இன்று வெள்ளத்தின் அளவை இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு விற்கிறார்கள். சிறிய ராக்கெட், சிறிய செயற்கைக்கோள் என்ற இந்தக் கூத்தில் டெல்டாவுக்கு என்ன பங்கு என்று கேட்டால், எனக்குத் தெரிந்து இதுதான். பன்னிரண்டு நாளை ஒரு நாளாக்குவது.

இரண்டாம் பாதி, பணம். அங்கே ராக்கெட்டால் பெரிதாக ஆவது இல்லை. பிரதமரின் பயிர்க் காப்பீட்டில் நெல் மூழ்கினால் உங்கள் வயலைத் தனியாகப் பார்க்காமல் இருந்தார்கள். வருவாய் கிராமத்தில் சில இடங்களில் அறுத்து எடை போட்டு, சராசரியைத்தான் பார்த்தார்கள். எங்கள் வயல் பள்ளத்தில் இருக்கிறது. ஒரு வருடம் பத்து நாள் தண்ணீரில் கிடந்து முழுக்க அழுகியது. மேட்டுப்பக்கம் நன்றாக விளைந்ததால் கிராம சராசரி தப்பித்துக்கொண்டது, எங்களுக்கு ஒன்றும் வரவில்லை. அப்பா அந்த பிரீமியம் ரசீதை இன்னும் காலண்டர் ஆணியில் குத்தி வைத்திருக்கிறார்.

ஒரு மாற்றம் வந்திருக்கிறது. நெல் வயல் மூழ்குவதைத் தனி வயல் இழப்பாக ஏற்பதை 2018-இல் எடுத்துவிட்டார்கள். 2026-இல் ஜூன் வாக்கில் தொடங்கும் காரிஃப் பருவம் முதல் மறுபடி சேர்ப்பதாக மத்திய அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. பாதிப்பு நேர்ந்த 72 மணி நேரத்துக்குள் பயிர்க் காப்பீட்டுச் செயலியில் படத்தோடு தெரிவிக்க வேண்டும். எனவே செயற்கைக்கோளை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். வரப்பில் நின்று போனில் படம் எடுங்கள், இருப்பிடம் பதிவாகும்படி வைத்துக்கொண்டு எடுங்கள்.

"இந்தக் கம்பெனிங்கள்ல பங்கு வாங்கலாமா?"

ஸ்கைரூட், அக்னிகுல் இரண்டும் பங்குச் சந்தையில் பட்டியலிட்டவை இல்லை. "ராக்கெட் கம்பெனி பங்கு, மூணு மடங்கு" என்று வாட்ஸ்அப்பில் யாராவது வந்தால், ஈமு கோழியையும் தேக்கு மரத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

"என் பையன் என்ன படிக்கணும்?"

ஏரோஸ்பேஸ் என்ற பெயர் போட்ட படிப்புதான் வேண்டும் என்றில்லை. எங்கள் அறையில் மெக்கானிக்கல், எலெக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர், இயற்பியல் படித்தவர்கள் இருக்கிறோம். யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். எங்களுக்கு ஆள் கிடைக்காமல் திண்டாடுவது நல்ல வெல்டருக்கும், சிஎன்சி என்ற கணினி வழி இயங்கும் எந்திரத்தை ஓட்டுகிறவருக்கும்தான். மெல்லிய குழாயை ஊசி முனை ஓட்டைகூட இல்லாமல் ஆர்கான் வெல்டிங் செய்யத் தெரிந்தவருக்கு என்ஜினியரைவிட மரியாதை அதிகம். திருச்சியில் பெல் நிறுவனத்தைச் சுற்றி அந்தக் கைத்தொழில் இரண்டு மூன்று தலைமுறையாக இருக்கிறது. ஐடிஐ படித்த பையனை "பி.இ. சேரலையா" என்று கேட்டுக் கூச வைக்காதீர்கள். வேலை கிடைக்கிற ஊர் சென்னை, பெங்களூரு, ஹைதராபாத். மன்னார்குடியில் இப்போதைக்கு இல்லை.

"எங்க ஸ்கூல்ல சேட்டிலைட் செய்ய முடியுமா மிஸ்?"

முடியும். கரூர் மாவட்டம் பள்ளப்பட்டியைச் சேர்ந்த ரிஃபாத் ஷாரூக்கின் குழு செய்த 64 கிராம் கலாம்சாட் 2017 ஜூனில் நாசாவின் சோதனை ராக்கெட்டில் போய் வந்தது. 2022-இல் நாட்டின் 75 பள்ளிகளைச் சேர்ந்த மாணவிகள் பங்கெடுத்துச் செய்த ஆசாதிசாட், மேலே சொன்ன எஸ்எஸ்எல்வியின் முதல் பயணத்தில் தொலைந்தது. விடாமல் மறுபடி செய்தார்கள். 2023 பிப்ரவரியில் இரண்டாவது ஆசாதிசாட் சுற்றுப்பாதைக்குப் போனது. நீங்கள் முதலில் ஒரு பலூனில் வெப்பமானியைக் கட்டி விடுங்கள், தகவல் கீழே வந்து சேர்கிறதா பாருங்கள். அது சரியாக வந்தால் எனக்குப் போன் பண்ணுங்கள், நானே வருகிறேன்.

"நம்ம வயலை இப்பவே பார்க்க முடியுமா?"

முடியும், காசு வேண்டாம். கோப்பர்நிகஸ் பிரவுசர் என்று தேடினால் ஐரோப்பியர்களின் பக்கம் வரும். சென்டினல்-2 படம் ஒவ்வொரு புள்ளியும் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். நம் கணக்கில் சொன்னால் ஒரு புள்ளி ஏழரைக் குழி. ஒரு மா நிலம் பதின்மூன்று புள்ளி, ஒரு வேலி என்றால் ஏறக்குறைய இருநூற்று எழுபது. வரப்பு தெரியாது, வயல் தெரியும். பெங்களூரின் பிக்ஸல் நிறுவனம் 2025 ஜனவரியில் விட்ட செயற்கைக்கோள்களில் ஒரு புள்ளி இரண்டு குழிக்கும் கீழே. ஆனால் அந்தப் படம் விலைக்கு.

மழைக்காலத்தில் சென்டினல்-1-க்கு மாற்றிக்கொள்ளுங்கள், கறுப்பு என்றால் தண்ணீர். போன கார்த்திகையில் சென்னையில் உட்கார்ந்து பார்த்தபோது எங்கள் பள்ளத்து வயல் கன்னங்கரேலென்று இருந்தது. பதறிப்போய் அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"தண்ணி வடிஞ்சு மூணு நாளாச்சு பாப்பா, உன் படம் என்னிக்குப் பிடிச்சது?" என்றார். தேதியைப் பார்த்தேன், ஐந்து நாள் பழசு.